படித்ததைச் சொல்ல வெட்கமா?

ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி கண்ணில் படாமற் போகாது. தளியிலிருந்தும், தேன்கனிக்கோட்டையிலிருந்தும், சூளகிரியிலிருந்தும் வரும் பஸ்களிலிருந்து இளைஞர்களும் யுவதிகளும் இறங்குகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள்ளே மார்க்குப் பட்டியல்களும், மாற்றுச் சான்றிதழும், எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பயோடேட்டா' என்னும் ஓர் ஏடும் இருக்கின்றன. சிலர் சிப்காட் பக்கம் போகிறார்கள். சிலர் எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று கர்நாடகத்துப் பக்கம் போகிறார்கள். அந்த ஏடு ஒரு பக்கமோ இரண்டு பக்கமோதான். ஆனால் பதினைந்து வருஷப் படிப்பும், அந்தப் படிப்புக்காகத் தாய் தகப்பன்மார் விற்ற ஆடு மாடுகளும், அடகு வைத்த நகைகளும் அதற்குள்ளேதான் அடங்கிக் கிடக்கின்றன.

அந்த ஏட்டில் 'கல்வித் தகுதி' என்று ஒரு பகுதி உண்டு. அதைப் பற்றித்தான் நேயர்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம். நாலைந்து வரிகளில் முடிந்து போகும் சமாசாரத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். அந்த நாலைந்து வரிகளில்தான் நம் பிள்ளைகள் அதிகமாகத் தடுக்கி விழுகிறார்கள் என்பதை, பள்ளிக்கூடத்திலேயே காலங்கழிக்கும் நாம் நேரில் கண்டு வருகிறோம்.

ஒரு மாலை வேளையில்

முன்பு நம்மிடம் படித்த மாணவர் ஒருவர் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்ன தம்பி, வேலை விஷயம் என்ன ஆயிற்று?" என்று கேட்டோம்.

"கைக்கு வந்தது போய்விட்டது, ஸார். எழுத்துப் பரீக்ஷையில் தேறினேன். மிஷினில் வேலை செய்து காட்டச் சொன்னார்கள், அதையும் செய்தேன். கடைசியில் அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள்" என்று சொல்லி நிறுத்திக் கொண்டார்.

அவர் நீட்டிய ஏட்டை வாங்கிப் பார்த்தோம். கல்வித் தகுதி என்னும் தலைப்பின் கீழ் முதல் வரியிலேயே 'பி.ஈ.' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஏனப்பா, நீ பி.ஈ.யை முடிக்கவில்லையே?"

"பிரவுஸிங் சென்டரில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள், ஸார். வெறும் டிப்ளமா என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றார்கள்."

அவருடைய உண்மைச் சரித்திரம் நமக்குத் தெரியும். கிராமத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். பிளஸ் டூவில் முதல் தடவை கணக்கில் தவறி, துணைத் தேர்வில் தேறினார். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமாவை முதல் வகுப்பில் முடித்தார். பிறகு பி.ஈ. இரண்டாம் வருஷத்தில் நேரடியாகச் சேர்ந்தார். ஒன்றரை வருஷத்தில் தகப்பனார் படுத்த படுக்கையாகிவிடவே, படிப்பை விட்டுவிட்டு ஒரு லேத் பட்டறையில் வேலைக்குப் போனார்.

இத்தனையில் அந்த ஏட்டில் இருந்தது என்ன? முடிக்காத பி.ஈ. இருந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் பெயரைக் காணோம். டிப்ளமா ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. பட்டறையில் வேலை செய்த காலமோ அடியோடு இல்லை. "அது வெறும் பட்டறைதானே, ஸார்!" என்றார் பையன். அதாவது, இருந்ததையெல்லாம் மறைத்து, இல்லாத ஒன்றை எழுதியிருந்தார். வேலை கொடுக்க நினைத்தவர்கள் எதற்காக அவரை விரும்பினார்களோ, அந்தக் கைத்திறமை பட்டறையில் வந்தது. எதற்காக அவரை அனுப்பிவிட்டார்களோ, அந்தப் பொய் பிரவுஸிங் சென்டரில் வந்தது.

பையனைக் கோபிக்க நமக்கு வாய் எழவில்லை. "பெயிலானவனை எவன் மதிப்பான்?" என்று வகுப்பில் எத்தனை தடவை நாமே சொல்லியிருக்கிறோம்! விதைத்தது நாம், முளைத்ததைக் கண்டு திடுக்கிடுவானேன்?

துறைமுகத்துக்கு வந்த ஒரு விண்ணப்பம்

இந்த வியாதி நேற்று இன்று வந்ததல்ல. 1857-ம் வருஷத்தில் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. அந்நிய ஆட்சியில் பரீக்ஷைதான் உத்தியோகத்துக்கு வாசற்படி. மெட்ரிகுலேஷன், எப்.ஏ., பி.ஏ. என்று படிகள் இருந்தன. ஏறியவர்கள் சிலர், வழுக்கியவர்கள் பலர். வழுக்கியவர்கள் 'எப்.ஏ. பெயில்', 'பி.ஏ. பெயில்' என்று விண்ணப்பங்களில் எழுதிக் கொண்டார்கள். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் அநேகர். ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், அந்த 'பெயில்' என்ற சொல்லில் ஒரு நேர்மை இருந்தது. "இவ்வளவு தூரம் வந்தேன், இங்கே நின்றேன்" என்று அது ஒளிக்காமல் சொல்லிற்று.

அப்படி நின்று போனவர்களில் ஒருவர், கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாச ராமானுஜன். மெட்ரிகுலேஷன் தேறி, ஸ்காலர்ஷிப்புடன் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமல் அந்த ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பயனில்லை. 1906-லும் 1907-லும் எப்.ஏ. பரீக்ஷையில் தவறினார். கலியாணமும் ஆகிவிட்டது, வேலை வேண்டும். 1912-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு ஒரு குமாஸ்தா வேலைக்காக விண்ணப்பம் எழுதினார்.

அதில் தம் படிப்பைப் பற்றி அவர் சொன்னது மிகச் சுருக்கம். மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதையும், எப்.ஏ. வரையில் படித்ததையும், சில எதிர்பாராத இடையூறுகளால் மேலே தொடர முடியாமற் போனதையும் சொன்னார். அதன் பிறகு தம் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதைத் தெரிவித்தார். வேலை கொடுத்தால் அதைச் செம்மையாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையையும் எழுதினார். அவ்வளவுதான். பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு ஒன்றும் உடன் சென்றது. மார்ச் 1-ந் தேதி, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

மறு வருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தமானது. அதிலும் தமக்குச் சர்வகலாசாலைக் கல்வி இல்லை, சாதாரணப் பள்ளிப் படிப்புத்தான் உண்டு என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். பின்னால் தம் கணித முடிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்தார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினர் பதவியும் அவரைத் தேடி வந்தன.

"எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியுமா?" என்று கேட்கலாம். ஆக வேண்டாம். மாமேதையின் உதாரணத்தை நாம் இங்கே எடுக்கவில்லை. 30 ரூபாய் வேலைக்கு மனுப் போட்ட ஒரு குமாஸ்தாவின் உதாரணத்தையே எடுக்கிறோம். எதைத் தேறினேன், எங்கே நின்றேன், நின்ற பிறகு என்ன செய்தேன் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த விண்ணப்பத்தில் விடை இருந்தது. இன்றைக்கும் கல்வித் தகுதியைப் படிப்பவர் அந்த மூன்றையும்தான் தேடுகிறார்.

எழுதும் முறை

இனி, எழுதும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம்.

புதிதாக வேலை தேடுவோர் கல்விப் பகுதியை முன்னால் வைக்கலாம். சில வருஷங்கள் வேலை பார்த்தவர்கள் அனுபவத்தை முன்னால் வைத்து, கல்வியைப் பின்னால் சுருக்கமாகச் சொல்வது நல்லது. கடைசியாக முடித்த படிப்பு முதல் வரியில் வர வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒவ்வொரு வரியிலும் படிப்பின் பெயர், படித்த இடம், சான்றிதழ் கொடுத்த சர்வகலாசாலை அல்லது தேர்வுத் துறை, தேறிய வருஷம், பெற்ற மார்க்கு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். கல்லூரி வேறு, பட்டம் கொடுக்கும் சர்வகலாசாலை வேறு என்பதை அநேகர் மறந்து விடுகிறார்கள்.

நம் எல்லைப்புறத்துக்கென்று சில விசேஷங்கள் உண்டு. கர்நாடகத்தில் 'பி.யூ.ஸி.' என்பதும் இங்கே 'பிளஸ் டூ' என்பதும் ஒரே படிதான். ஆனால் ஒரு பக்கத்துச் சொல் மறு பக்கத்து அதிகாரிக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். ஆகவே எந்த மாநிலத்துத் தேர்வு என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி. அதற்கு முன் இங்கே படித்தவர்களின் பத்திரங்களில் தர்மபுரி மாவட்டம் என்றே இருக்கும். அதைத் திருத்தி எழுத வேண்டாம். பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். பெயரும் இனிஷியலும் எஸ்.எஸ்.எல்.ஸி. சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ. படித்தவர்கள் 'ஐ.டி.ஐ.' என்று மட்டும் எழுதினால் போதாது. பிட்டரா, டர்னரா, எலெக்டிரீஷியனா என்ற தொழிலின் பெயர்தான் அங்கே முக்கியம். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி முடித்து, தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் பெற்றவர்கள் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். பாதியில் விட்ட படிப்பை, 'நான்கு ஸெமஸ்டர் படித்தது; குடும்ப நிலைமையால் நிறுத்தியது' என்று உள்ளபடியே குறிக்கலாம். பாக்கிப் பாடங்கள் இருந்தால் இத்தனை என்று சொல்லி விடலாம்.

இதற்கு நேர்மாறான சங்கடமும் ஒன்று இருக்கிறது. இயந்திரத்தில் நிற்கும் வேலைக்குப் பட்டதாரிகள் வந்தால் நிலைக்க மாட்டார்கள் என்று எண்ணி, பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. படித்தவர்களையே எடுக்கும் இடங்கள் உண்டு. ஆகவே பி.ஈ. முடித்த பிள்ளைகள் அந்தப் பட்டத்தையே மறைத்து விண்ணப்பம் போடுகிறார்கள். படித்த குற்றத்துக்குப் படிப்பை மறைக்க நேர்வது யாருக்கு வெட்கம்? நிச்சயமாக அந்தப் பிள்ளைகளுக்கு அல்ல. ஆயினும், மறைத்த நான்கு வருஷங்கள் அந்த ஏட்டில் ஒரு பள்ளமாகத் தெரியும், "அந்த நான்கு வருஷம் எங்கே இருந்தாய்?" என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். பட்டத்தைச் சொல்லிவிட்டு, இந்த வேலையை ஏன் விரும்புகிறோம் என்பதையும் ஒரு வரியில் சொல்வதே பத்திரமான வழி.

தவிர, பொய் இந்நாளில் நெடுநாள் வாழ்வதில்லை. 2015-ல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த டிஜிலாக்கரில் மார்க்குப் பட்டியலைச் சில நொடிகளில் எடுத்துக் காட்டி விடலாம். போலிச் சர்வகலாசாலைகளின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழுவே அவ்வப்போது வெளியிட்டு வருகிறது.

தமிழில் படித்தேன் என்று சொல்

கடைசியாக ஒன்று. நாம் பார்த்த ஏடுகளில் அநேகம் பிள்ளைகள் அறவே விட்டுவிடுவது, தாம் படித்த மொழியையும் கிராமத்துப் பள்ளியின் பெயரையும்தான். தேசம் விடுதலையடைந்து முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், தாய்மொழியில் படித்ததைக் குற்றம் போல் ஒளிக்கிறோம் என்றால், வெள்ளைக்காரன் போயும் அவன் வைத்துப் போன கூச்சம் போகவில்லை என்றுதானே அர்த்தம்?

சட்டமே இதைத் தகுதியாக ஏற்றிருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுப் பணிகளின் நேரடி நியமனத்தில் 100-க்கு 20 இடங்கள் முன்னுரிமையாக உண்டு என்று 2010-ல் சட்டம் செய்யப்பட்டது. 2020-ல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ஆகவே இன்று ஒளிக்கும் அந்தக் கிராமத்துப் பள்ளியின் வாசலிலேயே நாளைக்குச் சான்றிதழ் கேட்டு நிற்க வேண்டி வரலாம். தெலுங்கு, கன்னடம், உருது வழிகளில் படித்த பிள்ளைகளும் நம் தாலுக்காக்களில் உண்டு. எல்லைப்புறத் தொழிற்சாலையில் இரண்டு மூன்று மொழிகள் அறிந்தவன் பாக்கியவான். அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் 1878-ல் ஒரு குழந்தை பிறந்தது. ஓசூரில் பள்ளிப் படிப்பு, பெங்களூர் ஸென்ட்ரல் கல்லூரியில் பி.ஏ., சென்னை பிரஸிடென்ஸி கல்லூரியில் சட்டம் என்று அந்தப் பிள்ளையின் கல்வி வளர்ந்தது. அவர்தான் ராஜாஜி என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் பதவி வரையில் போன பிறகும், அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் தொரப்பள்ளியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

அந்த மாணவர் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். அன்றிரவு இருவரும் உட்கார்ந்து ஏட்டைப் புதிதாக எழுதினோம். டிப்ளமா மேலே வந்தது. விட்ட பி.ஈ. விட்டதென்றே வந்தது. கிராமத்துப் பள்ளியின் பெயர் முழுசாக வந்தது. பட்டறையில் பழகிய லேத் வேலைக்கும் இரண்டு வரிகள் கிடைத்தன. அதை எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போனார். இரண்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது ஒரு சிறிய தொழிற்சாலை. "பி.ஈ.யை ஏன் விட்டாய்?" என்று அங்கே கேட்டார்களாம். உள்ளதைச் சொன்னாராம். "லேத்தில் எத்தனை மாதம் நின்றாய்?" என்பது அடுத்த கேள்வியாம். இப்போது அங்கே பயிற்சியில் இருக்கிறார். சம்பளம் பெரிதில்லை. ஆனால் அசல் சான்றிதழ்களை மேஜை மீது வைத்தபோது கை நடுங்கவில்லை என்று நம்மிடம் சொன்னார்.