இறைவரி முத்திரையும் வரலாற்றுச் சான்றும்

அஞ்சல் முத்திரை சேகரிப்போர் நம்மிடையே பலர் உளர். இறைவரி முத்திரைகளைப் பொருட்படுத்துவோர் மிகச் சிலரே. பற்றுச்சீட்டுகளிலும் காணி உறுதிகளிலும் ஒட்டப்பெற்ற இச்சிறு தாள்கள், கடன், குத்தகை, விற்பனை ஆகிய பொருளாதார உறவுகளில் அரசு தன் பங்கை அறவிட்டமைக்கான சான்றுகளாகும். அச்சான்று எப்பொழுது பயன்படும், எப்பொழுது அழிந்துபோகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக நோக்குவோம்.

இங்கிலாந்தில் ஆவணங்கள் மீதான முத்திரைத் தீர்வை, பிரான்சுடனான போர்ச் செலவின் பொருட்டு 1694இல் விதிக்கப்பட்டது. பற்றுச்சீட்டுகளுக்குரிய ஒட்டு முத்திரை 1853இல் அறிமுகமாயிற்று. பணம் பெற்றவர் முத்திரையின் மீது கையொப்பமும் திகதியும் எழுதி, அது மீண்டும் பயன்படாதவாறு செய்தல் வேண்டியிருந்தது. 1881 யூன் முதலாந் திகதி தொடக்கம் ஒரு பென்னி முத்திரை அஞ்சலுக்கும் இறைவரிக்கும் பொதுவாக்கப்பட்டது. இதற்கென அவ்வாண்டு யூலை 12ஆம் திகதி வெளிவந்த புதிய முத்திரை, எளிதிற் கரையும் இளஞ்செவ்வூதா மையில் அச்சிடப்பட்டது. எழுத்தைக் கழுவ முயன்றால் முத்திரையின் நிறமும் கெடும். மக்கள்மீது அரசு கொண்ட ஐயமே இந்நிறத்தைத் தேர்ந்தது எனலாம்.

இம்முத்திரையின் முதல் அச்சில் ஒவ்வொரு மூலையிலும் 14 புள்ளிகள் உள்ளன. அதே ஆண்டு டிசெம்பரில் வெளிவந்த இரண்டாம் அச்சில் அவை 16 ஆயின. முதல் வகை ஐந்து மாதங்களே வெளியிடப்பட்டமையால் அரிதாயிற்று. சேகரிப்போர் அதன் விலையையே கருதுவர். ஆய்வாளருக்கோ வேறொரு பயன் உண்டு. 1881 செப்டெம்பர் எனத் திகதியிட்ட பற்றுச்சீட்டில் 16 புள்ளி முத்திரை காணப்படின், அத்திகதி பொய்யானது என ஐயுறுதல் தகும். இதன் மறுதலை பொருந்தாது. எஞ்சிய 14 புள்ளி முத்திரைகள் பின்னரும் பயன்பட்டிருத்தல் கூடும்.

ஆனால், இச்சோதனைக்கு முத்திரையும் ஆவணமும் இணைந்திருத்தல் இன்றியமையாதது. சேகரிப்போர் பலர் முத்திரையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஆவணத்தைக் கைவிடுகின்றனர். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதன் பொருட்டு என்பன அத்துடன் மறைந்துவிடுகின்றன.

இலங்கையிலும் இவ்வாபத்து உண்டு. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பொறித்த 1000 ரூபா முத்திரை, அஞ்சலுக்கும் இறைவரிக்கும் எனப் பொறிக்கப்பட்டதாயினும், எந்தக் கடிதத்துக்கும் அத்துணைப் பெருந்தொகை தேவைப்படவில்லை. அது பெருமதிப்புடைய ஆவணங்களுக்கே உரியது. இத்தகைய உயர்பெறுமதி முத்திரைகளிலிருந்து பேனா எழுத்தை நீக்கி, பயன்படாதவை என விற்கும் மோசடியைச் சேகரிப்போர் நன்கறிவர். அழிக்கப்படுவது மைக்கோடு மாத்திரமன்று. அவ்வாவணம் எழுந்த நாளும் அதற்குரியவரின் கையொப்பமுமாம்.

எனவே, பழைய உறுதிகளும் பற்றுச்சீட்டுகளும் நம் கைக்கு வரும்போது, முத்திரையை அகற்றாது முழுத் தாளையும் பேணுதல் வேண்டும். நீர்க்குறி, துளைகளின் அளவு, மேலச்சு, நிறம் ஆகியவற்றை ஆவணத்தின் திகதியோடும் இடத்தோடும் சேர்த்துப் பதிவு செய்தல் வேண்டும். வெட்டியெடுத்த முத்திரை ஓர் அரும்பொருளாக எஞ்சலாம். தாளோடு நிற்கும் முத்திரையே வரலாற்றுக்குச் சாட்சி சொல்லும்.