கார் சீட்டுக்கு எந்தத் தோல்?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் காருக்கு சீட் மாற்ற வருகிறவர்களைக் கவனித்தால், பெரும்பாலானோர் இரண்டே சோதனைகளோடு நிறுத்திக்கொள்வது தெரியும். சாம்பிள் துண்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள்; மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். மெத்தென்று இருந்து, தோல் வாசனையும் வந்தால் முடிவாகிவிடும். இரண்டையுமே நம்புவதற்கில்லை. தோல் வாசனையைச் செயற்கைத் தோலிலும் சேர்க்கலாம். அடியில் ஒட்டிய ஃபோம் எந்த ஷீட்டையும் மெத்தென்று ஆக்கிவிடும். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பொருள் கெட்டால் எப்படிக் கெடும்? சுருங்குமா, வெடிக்குமா, உரிந்து கொட்டுமா, சாயம் விடுமா?

காருக்குள் அந்தப் பொருள் படும் பாட்டை முதலில் பார்ப்போம். அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெயிலில் நிறுத்திய கார்களின் உள்வெப்பத்தை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். வெளியே 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்த நாட்களில், ஒரே மணி நேரத்தில் காருக்குள் காற்று சராசரியாக 47 டிகிரிக்கு ஏறியது. சீட் 51, ஸ்டீயரிங் 53, டாஷ்போர்டு 69. அரிசோனா வறண்ட பூமி. நம் கடலோர ஊர்களில் இதே வெயிலோடு காற்றின் ஈரமும் சேர்கிறது. அந்த ஈரம்தான் சில செயற்கைப் பொருள்களுக்கு எமன்.

தோல் என்பது அடிப்படையில் கொலாஜன் என்ற புரதம். அதன் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிய அமைப்பு என்பதை 1954, 1955 ஆண்டுகளில் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆய்வுக்கான கொலாஜன் வந்தது அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. அந்தச் சங்கிலிகளில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். அதனால்தான் மூன்று சங்கிலிகளும் நடுவில் அவ்வளவு நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது. மூன்று புரிக் கயிறு போன்ற இந்த இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து, எல்லாத் திசைகளிலும் பின்னிக் கிடப்பதுதான் மாட்டுத்தோலின் பலம்.

பச்சைத் தோலைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் 60 முதல் 65 டிகிரியில் முறுக்கு அவிழ்ந்து, தோல் சுருண்டுவிடும். அந்த முறுக்கு அவிழாமல் குறுக்கே கட்டுப் போடுவதுதான் பதனிடுதல். திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் கொண்டு பதனிட்டது பழைய முறை. அப்படிப் பதனிட்ட தோல் ஈரத்தில் 70 முதல் 85 டிகிரி வரை தாங்கும். குரோமியம் உப்பு போட்டுப் பதனிட்டால் கொதிநீரையும் தாங்கும். நீலம் பாய்ந்த அந்தத் தோலை ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளில் 'வெட் புளூ' என்பார்கள்.

அப்படியென்றால் காருக்குக் குரோம் தோல்தானே சிறந்தது என்று தோன்றும். இங்கேதான் விஷயம் திரும்புகிறது. தோல் தாங்கும் சூட்டுக்கு மேலே சொன்ன எண்கள் எல்லாம் தண்ணீருக்குள் அளந்தவை. டாஷ்போர்டில் இழுத்து ஒட்டிய தோல் எதிர்கொள்வது வறண்ட சூடு. அந்தச் சூட்டில் நாள்பட நாள்பட, குரோமியம் சேர்க்காமல் குளூட்டரால்டிஹைடு கொண்டு பதனிட்ட 'வெட் ஒயிட்' தோல் பரப்பில் குறைவாகச் சுருங்குகிறது. அதனால்தான் கார் நிறுவனங்கள் பல, டாஷ்போர்டுக்கும் கதவுப் பலகைகளுக்கும் வெட் ஒயிட்டை விரும்புகின்றன. குஷன் மேல் தொய்வுக்கு இடம் விட்டுத் தைக்கும் சீட்டுக்கு இரண்டுமே சரி. டாஷ்போர்டுக்கும் தோல் போட ஆசைப்படுகிறவர்கள் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். ஓரங்களில் தோல் பின்வாங்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தெரிகிற டாஷ்போர்டுகள் தவறான தோலைத் தேர்ந்ததன் விளைவு.

தோல் எங்கே, எப்படிப் பதனிடப்பட்டது என்று கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாலாற்றங்கரையில் ஆலைக் கழிவு செய்த சேதத்துக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. அந்த ஊர்களின் கிணறுகளுக்கு அந்தத் தீர்ப்பு தாமதமாகத்தான் வந்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆலையின் தோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் வீண் செலவாக நினைக்கவில்லை.

பதனிட்ட தோல் தடித்தது. அதை இயந்திரத்தில் குறுக்காகப் பிளப்பார்கள். ரோமக்கால் தெரியும் மேல்பக்கம் 'கிரெய்ன்'. இழைகள் நுண்மையாகவும் நெருக்கமாகவும் இருப்பது இங்கேதான். கீழ்ப்பக்கம் 'ஸ்ப்ளிட்'. ஸ்ப்ளிட்டின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, ரோமக்கால் போல அச்சடித்து விற்பதும் உண்டு. அதுவும் தோல் என்ற பெயரில்தான் வரும். ஐரோப்பியத் தர வரையறைப்படி மேற்பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அதை வெறுமனே 'தோல்' என்று விற்கக் கூடாது. நம் கடைகளில் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பது கடினமில்லை. சாம்பிள் துண்டின் வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். நல்ல தோலில் மேலிருந்து கீழ் வரை இழைகள் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. செயற்கைத் தோலில் மேலே வழவழப்பான படலம், நடுவே நுரை, அடியில் பின்னல் துணி என அடுக்குகள் தனித்தனியாகத் தெரியும். அடுத்து, மேல்பக்கம் உள்ளே வரும்படி துண்டை மடியுங்கள். மடிப்பில் மெல்லிய மயிர்க்கோடுகள் விழுந்து, விட்டதும் மறைந்தால் கிரெய்ன் அடிப்பகுதியோடு இறுகப் பிடித்திருக்கிறது. குழாய் குழாயாகப் பெரிய சுருக்கம் எழுந்தால் அது வயிற்றுப்பக்கத்துத் தோல், அல்லது பதனிட்டதில் குறை. வயிற்றுப்பக்கம் இழுத்தால் நீளும். ஆள் உட்காரும் பகுதியில் போட்டால் சில மாதங்களில் தொய்ந்து குளம் கட்டும். முதுகுப்பக்கத்தை உட்காரும் பகுதிக்கும், மற்றதைப் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் வெட்டுவதுதான் நல்ல குஷன் கடையின் அடையாளம். வெட்டும் முன் முழுத் தோலையும் விரித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். தயங்காமல் காட்டுகிற கடையை நம்பலாம். சீட்டுக்கு 1.1 முதல் 1.3 மில்லிமீட்டர் தடிமன் போதும். தடித்தது உழைக்கும் என்ற எண்ணத்தில் இன்னும் தடிமன் கேட்டால் வளைவுகளில் தையல் உட்காராது.

இனிச் சொல்லப்போவது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கார் தோலில் நம் உடம்பு படுவது பெரும்பாலும் தோலின் மேல் இல்லை. அதன் மீது பூசிய, ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே இருக்கும் பாலியூரித்தேன் படலத்தின் மேல். நிறம் அதில்தான் இருக்கிறது. ஜீன்ஸ் உராய்வதும், வியர்வை படுவதும், வெயில் தாக்குவதும் அதைத்தான். பழைய தோல் சீட்டில் நாம் 'தோல் வெடித்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் படலத்தின் வெடிப்பு. ஆகவே தோலின் தரத்துக்குச் சமமாகப் பூச்சின் தரத்தையும் விசாரிக்க வேண்டும். ஈர வெள்ளைத் துணியைச் சாம்பிள் மேல் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் ஏறினால் வேண்டாம். பிறகு ஒரு பாதியைக் காகிதத்தால் மூடி, மொட்டை மாடி வெயிலில் சில வாரங்கள் வைத்துவிட்டு, இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தொழிற்சாலையில் இதையே செனான் விளக்கின் கீழ் வைத்துச் செய்கிறார்கள்.

எண்ணெய் இந்தப் படலத்தின் முக்கியமான எதிரி. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் ஹெட்ரெஸ்ட்டில் ஊறி, படலத்தை உப்பி இளக வைக்கும். ஹெட்ரெஸ்ட்டும் ஸ்டீயரிங்கும் மற்ற இடங்களுக்கு முன்பே பிசுபிசுத்துப் போவது இதனால்தான். தோலுக்குச் சத்து என்று நினைத்து எண்ணெயோ ஷூ பாலிஷோ தேய்ப்பது கெடுதல். அது படலத்தைத் தாண்டி உள்ளே போகாது; மேலே நின்று தூசியைச் சேர்க்கும். மென்மையான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

நாம் வழக்கமாக ரெக்சின் என்று சொல்வது பி.வி.சி. பூசிய துணி. பி.வி.சி. தன் இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைப்பது உள்ளே கலந்த பிளாஸ்டிசைசர் எண்ணெய். எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும். அது பிளாஸ்டிக்கோடு வேதிக் கட்டால் இணைந்திருப்பதில்லை. சூட்டில் மெல்ல வெளியேறும். வெளியேறியது கண்ணாடியில் மங்கலாகப் படியும். போனபின் சீட் விறைத்து, தையல் வழியே கிழியும். கார் நிறுவனங்கள் இதைச் சோதிக்க, பொருளை முகவைக்குள் 100 டிகிரியில் வைத்து, மேலே குளிர்ந்த கண்ணாடி வைத்து, எவ்வளவு படிகிறது என்று பார்க்கின்றன. ஜெர்மனியின் டின் 75201 என்ற சோதனை அது. தோலுக்கும் இதே சோதனை உண்டு, ஏனென்றால் தோலிலும் மென்மைக்காகக் கொழுப்பு சேர்க்கிறார்கள்.

பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் செயற்கைத் தோல் தொட இதமானது. கடைகளில் 'நாப்பா' என்ற பெயரில் தொங்குவதில் பலவும் இதுதான். இதன் அழிவு வேறு விதம். பாலியெஸ்டர் அடிப்படையில் செய்த பி.யு.வின் எஸ்டர் கட்டுகளைக் காற்றிலுள்ள ஈரமே அறுத்துவிடும். சூடு அதை விரைவுபடுத்தும். சில வருடங்களில் செதில் செதிலாக உரிந்து சட்டையில் ஒட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் இந்த மலிவு வகையைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. பாலிகார்பனேட் அடிப்படையிலான பி.யு. ஈரத்தைப் பல மடங்கு நன்றாகத் தாங்கும். 70 டிகிரி சூடு, 95 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் வாரக்கணக்கில் வைத்து இதைச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையின் முடிவை விற்பவர் காட்டினால் துணிந்து வாங்கலாம்.

விலை உயர்ந்த கார்களில் ஸ்வேட் தோல் போலிருக்கும் அல்கான்டாரா முழுக்கச் செயற்கை. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ 1970-இல் உருவாக்கிய நுண்ணிழைத் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. சுமார் 68 சதவீதம் பாலியெஸ்டர், 32 சதவீதம் பாலியூரித்தேன். கூரைக்கும் கதவுக்கும் அருமையாக இருக்கும். எண்ணெய்த் தலையும் வியர்வைக் கையும் படும் இடத்தில் அதன் பஞ்சு முனைகள் ஒட்டிப் பளபளத்துவிடும்.

தெருவில் வெயிலில் நிற்கும் கார், பிள்ளைகள் ஏறி இறங்கும் கார் என்றால் நல்ல பாலியெஸ்டர் துணி சீட்டையே நான் சொல்வேன். மலிவான தோலைவிட அது எல்லா வகையிலும் மேல்: காற்று போகும், வியர்வை ஒட்டாது, கிழிந்த பகுதியை மட்டும் மாற்றலாம். தோல்தான் வேண்டும் என்றால் வெளிர் நிறம், நடுப்பகுதியில் சிறு துளைகள் போட்டது. முழுக் காருக்கும் தேவையானதை ஒரே சாய லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் நிறம் கொஞ்சமாவது மாறும். எதுவானாலும் தீப்பிடிக்கும் வேகத்தைக் கேளுங்கள். அமெரிக்காவின் 302-ஆம் எண் விதிப்படி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது. அடியில் ஒட்டும் ஃபோமையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சீட் தைக்கும் நூல் பருத்தியாக இருந்தால் வியர்வையில் இற்றுப்போகும். நைலானுக்கு இழுவை பலம் அதிகம். பாலியெஸ்டர் வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். ஜன்னல் வெளிச்சம் படும் தையல்களுக்குப் பாலியெஸ்டர் நல்லது. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்பதும் தவறு: தோலில் ஊசி போட்ட ஓட்டை மூடாது. ஓட்டைகள் நெருங்கினால் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

ஆனால் உறுதியான நூல் ஓர் இடத்தில் உயிரையே எடுக்கும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில், முன் சீட்டின் சாயும் பகுதியின் வெளிப்புற ஓரத்துக்குள் அந்தப் பை மடிந்திருக்கும். மோதினால் அது விரிய ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் நேரம். அதற்குள் கிழிந்து வழிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த ஓரத்தின் தையலை நிறுவனம் வேண்டுமென்றே பலம் குறைந்த நூலில், கணக்குப் பார்த்துப் போட்டிருக்கும். சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று ஒரு சின்னத் துணிச் சீட்டு தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், மேலே மாட்டும் கவர் அந்த ஓரத்தை மூடக் கூடாது. உறையையே மாற்றித் தைப்பதானால் அந்தத் தையலுக்கு எந்த நூல், எத்தனை தையல், உள்ளே பையைத் திசைதிருப்பும் துணியைத் திரும்பப் பொருத்துவார்களா என்று கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால், அந்த ஒரு பகுதியை மட்டும் கார் நிறுவனத்தின் அசல் உறையிலேயே விட்டுவிட்டு, அதே நிறத்தில் மற்றவற்றைத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.