உணர்ச்சியுள்ள தோல்

விரல் நுனி சற்றே நசுங்கியதால் குடிமுழுகிப் போய்விடுமா என்று கேட்பவர்கள், இருட்டில் பித்தானைப் பூட்டுவதும், பைக்குள் கைவிட்டுச் சில்லறையைப் பாராமலே பிரித்தெடுப்பதும் அந்த நுனியின் ஸ்பரிச ஞானத்தால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஊன்றிய இரு முனைகளை இரண்டென்றே பிரித்தறியும் சதை அது. தொடைத் தோலோ வயிற்றுத் தோலோ அந்த வேலைக்கு வராது.

எலும்பு தெரியாத சிறு ரணமானால், சுத்தம் செய்து கட்டிவைத்தாலே சில வாரங்களில் தானாக ஆறிவிடும். அங்கே கத்தியை எடுப்பது அநாவசியம். எலும்போ தசைநாணோ மூடலின்றி வெளியே நிற்கும்போதுதான் சங்கடம். சீவி ஒட்டிய மெல்லிய தோல், முதற் சில நாட்கள் அடியிலுள்ள திசுவிலிருந்தே ஊட்டத்தை உறிஞ்சிப் பிழைக்க வேண்டியிருப்பதால், வெற்றெலும்பின்மேல் அது பிடிப்பதில்லை. தனக்குரிய இரத்த ஓட்டத்தோடு வரும் தோல்மடலே அவ்விடத்துக்கு உகந்தது. அடுத்த விரலின் முதுகுத் தோலைப் புத்தக ஏட்டைப்போலத் திருப்பிக் காயத்தின்மேல் போர்த்தித் தைத்து, இரண்டு மூன்று வாரம் இரு விரல்களையும் சேர்த்தே வைத்திருந்து, புது இடத்தில் இரத்த ஓட்டம் நிலைத்தபின் அறுத்துப் பிரிப்பது, 1950-ஐ ஒட்டிப் பிரசித்தி பெற்ற உபாயம். நல்ல உபாயந்தான்; ஆயினும் குற்றமற்ற விரலுக்கும் தழும்பு, இரண்டு முறை சஸ்திர சிகிச்சை, போதாக்குறைக்குப் புதுத் தோலில் உணர்ச்சி மந்தம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவை வளர்த்த டாக்டர் ஆர். வெங்கடசாமி, டாக்டர் சுப்பிரமணியனுடன் 1980-இல் வெளியிட்ட முறை, அயல் விரலைத் தொடுவதே இல்லை. நுனி சாய்வாகத் துண்டிக்கப்பட்டால் ஒரு பக்கத்தில் சதை கூடுதலாக மிஞ்சும். விரலின் இரு மருங்கிலும் தமனியும் நரம்பும் ஜோடியாக ஓடுகின்றனவல்லவா? சதை மிஞ்சிய பக்கத்துத் தோலைச் சாய்ந்த முக்கோணமாக வெட்டி, அடியில் ஓடும் அந்த ஜோடியை அறாமல் சுற்றிலும் விடுவித்தால், முக்கோணம் அப்படியே முன்னேறி நுனியை மூடிவிடுகிறது; பின்னால் விழும் இடைவெளியை இருபுறத் தோலையும் கூட்டித் தைத்துவிடலாம். நரம்பு கூடவே வருவதால் உணர்ச்சியும் வருகிறது. உள்ளங்கைப் பக்கத்தில் நெட்டுக்கு நேராகக் கீறினால் தழும்பு சுருங்கி விரலை மடக்கிவிடும். கோட்டைச் சாய்த்ததில் அந்த அபாயமும் விலகுகிறது. வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு அண்மையில் இருந்த ஆஸ்பத்திரிக்கு இது எத்தகைய அநுகூலம் என்று சொல்ல வேண்டியதில்லை.

தையல் பிரித்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கலாகாது. வலிக்கு அஞ்சி அசைக்காத மூட்டு விறைத்துப்போகும். குளிர் பட்டால் நுனி கூசுவது பல மாதம் நீடிக்கும். நாளங்களைச் சுருக்கும் புகையிலையை, குறைந்தபட்சம் மடல் உயிர்பிடிக்கும் வரையேனும், நோயாளி தொடாதிருக்க வேண்டும்.