டார்ஷன் ஆக்ஸில்: பெரிசா வாங்கினா நல்லதா?

எபிசோடில் நேரமில்லாமல் விட்ட விஷயம் இது. டார்ஷன் ஆக்ஸில் என்பது ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவில் இறுக்கித் திணித்த ரப்பர் உருளைகள். சக்கரம் மேலே எழும்பினால் கம்பி திரும்பி ரப்பரை நசுக்கும். அந்த ரப்பர்தான் உங்க ஸ்பிரிங். லீஃப் ஸ்பிரிங் மாதிரி ஒரு பட்டையைக் கழற்றி மென்மையாக்க முடியாது. ஃபேக்டரியில் வைத்த எடைதான்.

"எதுக்கும் பெரிசா போட்டுடுவோம்"னு தோணும். வேண்டாம். காலி ட்ரெய்லர் 200 கிலோ, சாமான் 400 என்றால் 750 கிலோ ஆக்ஸில் போதும். 1300 கிலோ ஆக்ஸில் போட்டால் ரப்பர் அசையவே அசையாது. ஒவ்வொரு குழியிலும் ட்ரெய்லர் துள்ளும், நாளாக நாளாக வெல்டிங் விரியும்.

பிரிட்டனில் இருக்கிறவங்க இன்னொன்றும் பார்க்கணும். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு வரம்பு 750 கிலோ, அல்லது காரின் எடையில் பாதி, எது குறைவோ அது. 1,100 கிலோ ஹாட்ச்பேக் என்றால் 550தான். மேலே சொன்ன 600 கிலோவே கூடாது!

மாட்டும்போது சக்கரத்தின் கை பின்பக்கம் பார்க்கணும். அதனால் சக்கரம் குழாய்க்குப் பின்னால் வரும். குழாயை வைத்து அளக்காதீங்க, சக்கரத்தின் மையத்தை வைத்து அளங்க. சக்கரம் ரொம்பப் பின்னால் போனால் டோ பாலில் எடை கூடும். முன்னால் போனால் அதைவிட மோசம், மோட்டர்வேயில் ட்ரெய்லர் வாலாட்டும்.

சில மாடல்களில் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டலாம். உயரம் மாறும், தாங்கும் எடை கூடாது. இரண்டு பக்கமும் ஒரே கோணம் முக்கியம். குழாயில் மட்டும் வெல்டிங் வைக்காதீங்க, சூட்டில் ரப்பர் போயிடும். போல்ட்தான்.