மன்னார் வளைகுடாவின் அடியில் ஒரு பழைய பிளவு

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி, திருநெல்வேலியைக் கடந்து சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. ஆறு சுமந்து வரும் வண்டலை வாங்கிக்கொள்ளும் மன்னார் வளைகுடாவின் அடியில், நிலம் பிளந்து உண்டான பெரும்பள்ளம் ஒன்று புதைந்திருக்கிறது.

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, அண்டார்க்டிகா மூன்றும் கோண்ட்வானா என்ற ஒரே கண்டமாக இருந்தன. கண்டம் இழுபட்டது, புவியின் மேலோடு மெலிந்து விரிசல் கண்டது, விரிசல்களுக்கு நடுவிலிருந்த பாறைத் துண்டுகள் கீழே இறங்கின. இப்படி உருவாகும் பள்ளத்துக்குப் பிளவுப் படுகை என்று பெயர். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே விழுந்த பிளவு பெருங்கடலாக விரியாமல் பாதியிலேயே நின்றுவிட்டது. பிறகு மணலும் சேறும் கி.மீ. கணக்கில் அதை நிரப்பின. 2011-இல் இலங்கைப் பக்கம், சுமார் 1,350 மீட்டர் ஆழக் கடலில் தோண்டிய டொராடோ கிணற்றில், இந்தப் படுகையின் மணற்கல்லிலிருந்து எரிவாயு கிடைத்தது.

சில பிளவுப் படுகைகளை உப்பும் நிரப்பும். பிரேசிலின் சாண்டோஸ் படுகையில் 11 கோடி ஆண்டுப் பழைமையான உப்பு சில இடங்களில் 2 கி.மீ. தடிமன். அது படிந்த விதத்தைத் தூத்துக்குடி உப்பளத்தில் நேரிலேயே பார்க்கலாம். வெயிலில் உவர்நீர் சுண்டச் சுண்ட உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும்; செறிவு போமே அளவுகோலில் 25 டிகிரியை நெருங்கியதும் பாத்தியில் உப்பு பூக்கும். ஆனால் 1,000 மீட்டர் ஆழக் கடல் முழுதும் வற்றினாலும் சுமார் 15 மீட்டர் உப்புதான் மிஞ்சும். 2 கி.மீ. உப்புக்கு அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட கடல்கள் வற்ற வேண்டும்! கடல்நீர் உள்ளே வந்து வற்ற, மறுபடி வந்து வற்ற, அடுக்கடுக்காக உப்பு ஏறியிருக்கிறது.

புதைந்த உப்பு சும்மா கிடப்பதில்லை. மேலே சேரும் சேறு ஆழத்தில் இறுகிக் கனக்கிறது. உப்போ இறுகுவதே இல்லை. பாரம் அழுத்த, இடியாப்ப உரலில் மாவு பிதுங்குவதுபோல அது பலவீனமான இடம் பார்த்து மேலேறி, உப்புக் குவிமாடங்களாகிறது. திட நிலையிலேயே, லட்சக்கணக்கான ஆண்டுகளில் இந்த நகர்வு நடக்கிறது. உப்பில் எண்ணெய் ஊடுருவாது; அதனால் அது இயற்கை மூடியும் ஆகிறது. 2006-இல் பிரேசில் கண்டெடுத்த டூப்பி எண்ணெய் வயல் அத்தகைய மூடிக்கு அடியில்தான் இருந்தது.

இவ்வளவு உப்பு படிய வறண்ட வெயில் வேண்டும். ஆனால் மன்னார் பிளந்த காலத்தில் நம் நிலம் அண்டார்க்டிகாவை ஒட்டி, தெற்கே வெகு தொலைவில் கிடந்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான கி.மீ. வடக்கே நகர்ந்துதான் இன்றைய வெயிலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தூத்துக்குடியில் உப்பு விளைவதற்கு அந்த நெடும்பயணமும் ஒரு காரணம்.