வீட்டை விற்கும் முன்...

"வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள்" என்று கனடாவின் டொரன்டோ நகரில் வசிக்கும் எங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறாள். நான் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு மூட்டுவலியும் இரத்த அழுத்தமும் உண்டு. மாடிப்படி ஏறவே யோசிக்கும் வயதில், மகளோடும் பேரனோடும் இருப்பதைவிட வேறென்ன வேண்டும் என்று எனக்கும் தோன்றியது. தரகர் ஒருவர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டும் போனார். அதன் பிறகே, எந்த விசாவில் போகப் போகிறோம் என்று விதிமுறைகளைப் படிக்கத் தொடங்கினேன். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கனடாவில் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவர்கள், தங்கள் பெற்றோரையும் தாத்தா, பாட்டியையும் நெடுநாள் உடன் வைத்துக்கொள்வதற்காக 2011 டிசம்பரில் அந்நாடு அறிமுகப்படுத்தியதே 'சூப்பர் விசா'. பத்து ஆண்டுகள் வரை பலமுறை சென்று வர இது அனுமதிக்கிறது. தொடக்கத்தில் ஒருமுறை நுழைந்தால் 2 ஆண்டுகள் தங்கலாம் என்றிருந்தது, 2022 ஜூலை முதல் 5 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. சாதாரண வருகையாளர் விசாவில் வழக்கமாகக் கிடைப்பது ஆறு மாதம் மட்டுமே. பிரசவத்துக்குப் போய், குழந்தை தவழத் தொடங்கும்போது ஊர் திரும்பிய பெற்றோருக்கு இது பெரிய சலுகைதான்.

ஆனால், எத்தனை ஆண்டு தங்கினாலும் சட்டத்தின் பார்வையில் நாம் வருகையாளர்களே. வேலை செய்ய இயலாது. அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடு கிடைக்காது. காலம் முடிந்ததும் திரும்பிவிடுவோம் என்று விசா அதிகாரி நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு அவர் பார்ப்பவற்றுள், சொந்த நாட்டில் நமக்கிருக்கும் வீடு, ஓய்வூதியம், உறவுகள் ஆகியவையும் அடங்கும். நிரந்தரமாக வருகிறோம் என்று வீட்டை விற்றுவிட்டு விண்ணப்பித்தால், திரும்பி வருவோம் என்பதற்கான நல்ல சான்றுகளில் ஒன்றை நாமே இழந்தவர்களாவோம். இதை மகளிடம் சொன்னபோது அவளுக்கும் இது புதிய செய்தியாகவே இருந்தது.

நிரந்தர வசிப்புரிமைக்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதற்கு மகனோ மகளோ உரிய வருமானத்தை மூன்று ஆண்டுகளுக்குக் காட்ட வேண்டும். கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றோரைப் பராமரிப்பதாக உறுதிமொழி தர வேண்டும். இவை இருந்தாலும் போதாது. 2020-இல் விருப்பம் பதிவு செய்தவர்களிலிருந்தே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குலுக்கல் முறையில் அழைப்பு அனுப்பி வந்தார்கள். அந்த ஆண்டு பதியத் தவறியவர்களுள் எங்கள் மகளும் ஒருத்தி. ஆகவே, எங்களைப் போன்றோர்க்கு இப்போது உள்ள வழி சூப்பர் விசாதான்.

அதற்கு அழைப்பவரின் வருமானம், குடும்ப எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு வகுத்த குறைந்தபட்ச அளவை எட்ட வேண்டும். வரப்போகும் பெற்றோரையும் சேர்த்தே அந்த எண்ணிக்கை கணக்கிடப்படும். மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது மருத்துவக் காப்பீடு. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலர் அளவுக்கு, ஓராண்டுக்கான காப்பீடு கட்டாயம். 2025 ஜனவரிக்கு முன்பு கனடிய நிறுவனத்திடம் மட்டுமே எடுக்க வேண்டியிருந்தது. இப்போது அந்நாட்டு ஒழுங்காற்று அமைப்பின் அங்கீகாரம் பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களிடமும் எடுக்கலாம்.

ஒரு லட்சம் டாலர் என்றதும் நிம்மதி வருகிறது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளைப் படித்தால் அது குறைகிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பல ஒப்பந்தங்களில் இழப்பீடு கிடையாது. அல்லது, அந்த நோய் 90 நாள்களோ 180 நாள்களோ 'நிலையாக' இருந்திருக்க வேண்டும். நிலையாக என்றால் உடல் நன்றாக இருப்பது மட்டுமன்று. அக்காலத்தில் புதிய மருந்து சேர்ந்திருக்கக் கூடாது. மாத்திரையின் அளவு கூடியிருக்கக் கூடாது. பல ஒப்பந்தங்களில் குறைந்திருக்கவும் கூடாது. என் மனைவிக்கு இரத்த அழுத்தம் கட்டுப்பட்டுவிட்டது என்று மருத்துவர் மகிழ்ச்சியோடு மாத்திரையைப் பாதியாக்கி ஒரு மாதமே ஆகிறது. அந்த நல்ல செய்தியே காப்பீட்டுக் கணக்கில் எங்களுக்கு எதிராக நிற்கிறது.

இதற்கு நிகராக நேரம் விழுங்கும் மற்றொன்று, பெயர். உறவை மெய்ப்பிக்கப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் என் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து. கடவுச்சீட்டிலோ குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என் தந்தையின் முழுப்பெயர். மனைவியின் பெயரோடு பிறப்புச் சான்றிதழில் 'அம்மாள்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, கடவுச்சீட்டில் இல்லை. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நமக்கு இவை ஒரே ஆள் என்பது பார்த்தவுடன் தெரியும். ஒட்டாவாவில் கோப்பைப் பார்ப்பவருக்குத் தெரியாது. நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம், தமிழ்ச் சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு என்று சில வாரங்கள் ஓடிவிட்டன. கடவுச்சீட்டின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் மூன்றாண்டுகளே மிச்சமிருந்தால், தங்கும் காலமும் மூன்றாண்டாகச் சுருங்கிவிடக்கூடும்.

இங்கே விட்டுச் செல்பவையும் இருக்கின்றன. ஓய்வூதியத்துக்கான வாழ்வுச் சான்றை இப்போது கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அளித்துவிடலாம் என்பது ஆறுதல். நெடுங்காலம் வெளிநாட்டில் தங்கினால் வருமான வரிக் கணக்கில் நம் நிலை மாறும். வங்கிக் கணக்கையும் மாற்ற வேண்டிவரலாம். இந்திய மருத்துவக் காப்பீட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கைவிடக் கூடாது. இந்த வயதில் விட்டால், காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். புதிதாகக் கிடைப்பதே அரிது.

பிற நாடுகளைப் பார்க்கும்போது கனடாவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2012-இல் பிரிட்டன் கொண்டுவந்த விதிப்படி, அன்றாடத் தேவைகளுக்கே பிறர் உதவி வேண்டும் என்ற நிலையிலும், அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிறுவினால்தான் பெற்றோர் அங்கே குடியேற முடியும். ஆஸ்திரேலியாவில் பெற்றோருக்கான நிரந்தர விசாவுக்கு, பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேராவது அங்கே குடியேறியிருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. விரைவான வழிக்கு ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம். அதிலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

தரகரை அழைத்து, வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். கீழ்த்தளத்தை மட்டும் வாடகைக்கு விட்டு, மாடியில் ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்வதாக உத்தேசம். மாத்திரை மாறி ஆறு மாதம் நிறைந்த பிறகு காப்பீட்டை எடுத்து விண்ணப்பிக்க இருக்கிறோம். அதுவரை மாத்திரையின் அளவில் கை வைக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லுமாறு மருத்துவரிடம் கேட்டேன். உடம்புக்குத் தேவைப்பட்டால் மாற்றத்தான் செய்வேன் என்றார் அவர். அதுதான் சரி என்று மகளும் சொல்கிறாள்.