வைக்கோல் தொப்பிக் கொடியும் ஜப்பானியச் சித்திரங்களின் செல்வாக்கும்

2025 செப்டெம்பரில் காத்மண்டுவில் இளைஞர்களின் கிளர்ச்சி வெடித்துப் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலக நேர்ந்தபோது, நேபாள அரசாங்கத்தின் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரின் வாயிற்கதவில் கறுப்புக் கொடியொன்று தொங்கவிடப்பட்டது. மண்டையோடும் அதன்மேல் ஒரு வைக்கோல் தொப்பியும் வரையப்பட்டிருந்த அக்கொடி எந்த அரசியல் கட்சிக்கும் உரியதன்று. 'வன் பீஸ்' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையில் வரும் கடற்கொள்ளையர் குழுவின் கொடி அது. அதற்கு முந்திய மாதத்தில் இந்தோனேசியாவின் சுதந்திர தினத்தை அண்டிய நாட்களில் வீடுகளிலும் லொறிகளிலும் அதே கொடி பறந்தது. நாட்டின் ஒற்றுமைக்கு இது அச்சுறுத்தல் என அங்குள்ள அரசியல்வாதிகள் சிலர் சீறினர். பின்னர் மடகஸ்கார் இளைஞர்கள் வைக்கோல் தொப்பியை நீக்கி, தமது நாட்டவர் அணியும் தொப்பியை அதே மண்டையோட்டுக்கு அணிவித்து வீதியில் இறங்கினர்.

எய்ச்சிரோ ஓடா 1997 இல் எழுதத் தொடங்கிய இக்கதையின் பிரதிகள் 2022 ஆம் ஆண்டளவில் உலகெங்கும் 50 கோடியைக் கடந்தன. ஊழல் மிகுந்த உலக அரசாங்கமொன்றை எதிர்த்து நிற்கும் இளைஞனே இதன் நாயகன். அவனது கொடியை வீதிக்குக் கொண்டுவரும்படி டோக்கியோவிலிருந்து எவரும் கேட்கவில்லை. ஜப்பானிய வெகுசனக் கலைகளின் உலகச் செல்வாக்கை விளங்கிக்கொள்வதற்கு இதுவே பொருத்தமான தொடக்கமாகும். ஏனெனில், அச்செல்வாக்கின் பெரும்பகுதி அரசாங்கத்தின் திட்டத்தினால் விளைந்ததன்று.

1963 இல் ஒசாமு தெசூக்காவின் 'அஸ்ட்ரோ போய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாராந்தத் தொடராக வெளிவந்தது. ஒவ்வொரு அங்கத்தையும் தயாரிப்புச் செலவிலும் குறைந்த விலைக்கே தெசூக்கா விற்றார். இழப்பை விளையாட்டுப் பொருட்களும் வெளிநாட்டு விற்பனையும் ஈடுசெய்யும் என்பது அவரது கணக்கு. படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே சித்திரத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சிக்கன முறையும் அக்கட்டாயத்தினாலேயே வேரூன்றியது. மலிவாகக் கிடைத்த இத்தொடர்களை ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் இருந்த தொலைக்காட்சி நிலையங்கள் வாங்கின. உள்ளூர் மொழியில் குரல் சேர்த்தன, பாத்திரங்களுக்கு உள்ளூர்ப் பெயர் சூட்டின. பார்த்த பிள்ளைகளுட் பலருக்கு அவை ஜப்பானில் இருந்து வந்தவை என்பதே தெரியாது.

'கெப்டன் சுபாசா' இதற்குச் சிறந்த உதாரணம். 1981 இல் யொய்ச்சி தக்காஹாஷி தொடங்கிய இந்த உதைபந்தாட்டக் கதை அரபுலகில் 'கெப்டன் மாஜித்' ஆனது. ஸ்பெயினின் பெர்னாண்டோ டொரஸ், இத்தொடரைப் பார்த்தே தாம் உதைபந்தாட்டத்துக்கு வந்ததாகக் கூறியிருக்கிறார். 2004 இல் ஈராக்கின் சமாவா நகருக்கு ஜப்பான் நன்கொடையாக அளித்த தண்ணீர் பவுஸர்களில் கெப்டன் மாஜித்தின் படம் ஒட்டப்பட்டிருந்தது. அந்நகரில் நிலைகொண்டிருந்த ஜப்பானியத் தற்காப்புப் படையினரை அறியாத மக்களும் அச்சிறுவனை அறிந்திருந்தனர்.

எமது நாட்டில் மூத்த தலைமுறையினர் நினைவுகூரக்கூடியது 'ஒஷின்' தொடரே. ஜப்பானிய உதவியுடன் 1982 இல் நிறுவப்பட்ட ரூபவாஹினியில் அது ஒளிபரப்பாகியபோது, ஏழ்மையால் சிறுவயதிலேயே வேலைக்கு அனுப்பப்பட்ட அச்சிறுமிக்காக இங்கும் பலர் கண்ணீர் விட்டனர். 1983 முதல் 1984 வரை 297 அங்கங்களாக ஜப்பானில் ஒளிபரப்பான இத்தொடர் 60 இற்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. ஈரானில் பழைய உடுப்புகள் விற்கும் சந்தைகளுக்கு 'தனாக்கூரா' என்னும் பெயர் நிலைத்ததும் ஒஷினின் புகுந்த வீட்டுக் குடும்பப் பெயரால்தான். செல்வந்த ஜப்பானை இத்தொடர் காட்டவில்லை. வறிய நாடொன்று எவ்வாறு தலைதூக்கியது என்பதையே அது காட்டியது. வளர்முக நாடுகளின் மக்களை அது தொட்டதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வரவேற்பு எங்கும் ஒரே மாதிரியாக இருக்கவில்லை. பிரான்ஸில் 1978 இல் 'கோல்டோராக்' பிள்ளைகளைக் கவர்ந்தபோது பெற்றோரும் கல்விமான்களும் அதிருப்தியுற்றனர். 1989 இல் செகொலென் ரோயல் இத்தகைய தொடர்களின் வன்முறையைச் சாடி ஒரு நூலே எழுதினார். இன்று ஜப்பானுக்கு வெளியே மங்கா நூல்கள் மிக அதிகமாக விற்பனையாகும் நாடுகளுள் பிரான்ஸும் ஒன்று. 2021 இல் 18 வயதினருக்கு நூல் வாங்கவும் நாடகம் பார்க்கவும் அந்நாட்டு அரசாங்கம் 300 யூரோ வழங்கியபோது, பலர் அதனைக் கொண்டு மங்கா வாங்கியதால் அத்திட்டமே 'மங்கா அட்டை' எனக் கேலி செய்யப்பட்டது. சவூதி அரேபியா 2001 இல், சூதாட்டத்துக்கு வழிகோலுவது உள்ளிட்ட காரணங்களுக்காகப் பொக்கிமோன் விளையாட்டைத் தடைசெய்தது. அதே நாட்டின் நிறுவனமொன்று ஜப்பானின் டொயி நிறுவனத்துடன் கூட்டாகத் தயாரித்த 'த ஜேர்னி' என்னும் அனிமே திரைப்படம் 2021 இல் வெளிவந்தது. பங்களாதேஷ் 2013 இல் 'டோரேமோன்' தொடரின் ஒளிபரப்பை நிறுத்தியதற்கோ ஜப்பான் காரணமன்று. ஹிந்தியில் குரல் சேர்க்கப்பட்ட அத்தொடரினால் வங்காளப் பிள்ளைகள் ஹிந்தி பேசத் தொடங்கியதே அங்குள்ள கவலை.

தென்கொரியாவின் அனுபவம் தனித்து நோக்கத்தக்கது. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் குடியேற்ற ஆட்சியில் துன்புற்ற அந்நாடு, விடுதலைக்குப் பின்னர் ஜப்பானியப் பாடல்களையும் திரைப்படங்களையும் பல தசாப்தங்களாகத் தடைசெய்திருந்தது. 1998 ஒக்டோபரில் ஜனாதிபதி கிம் டே ஜங் அத்தடையைப் படிப்படியாக நீக்க முற்பட்டபோது, கொரியக் கலைகள் அழிந்துவிடும் என அஞ்சியோர் பலர். நடந்தது வேறு. அடுத்த பத்தாண்டுகளில் கொரிய நாடகங்களும் இசையும் ஜப்பானையே ஆட்கொண்டன. 2019 இல் வர்த்தகப் பிணக்கினால் கொரியர்கள் ஜப்பானியப் பொருட்களைப் பகிஷ்கரித்தனர்; 2023 இல் 'த ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்', 'சுசுமே' ஆகிய ஜப்பானியத் திரைப்படங்களுக்கு அதே நாட்டில் திரையரங்குகள் நிரம்பின. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களுக்கான நீதி குறித்த கொரியரின் கோபமோ இதனால் தணியவில்லை. படத்தை ரசிப்பவர் வரலாற்றை மறப்பார் எனக் கருதிய இராஜதந்திரிகள் ஏமாந்தனர் என்றே கூறவேண்டும்.

டோக்கியோ விழித்துக்கொண்டது காலம் தாழ்த்தியே. 2002 இல் டக்ளஸ் மக்கிரே என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பொருளாதாரம் தேங்கிக் கிடக்கும் ஜப்பான் கலாசார வல்லரசாக எழுந்திருப்பதாகக் கட்டுரை எழுதிய பின்னரே அதிகாரிகளின் கவனம் இப்பக்கம் திரும்பியது. மங்கா பிரியரான தாரோ அசோ வெளிவிவகார அமைச்சராக இருந்த 2007 இல் சர்வதேச மங்கா விருது ஏற்படுத்தப்பட்டது. 2008 இல் டோரேமோன் என்னும் நீலப் பூனை அனிமே தூதுவராக நியமிக்கப்பட்டது. 2013 இல் அமைக்கப்பட்ட 'கூல் ஜப்பான்' நிதியம் பொதுப்பணத்தை முதலிட்டு, பெரும் நட்டத்தையே கண்டது. மக்கள் தாமாகத் தேடிச் சென்றதை அரசாங்கம் திட்டமிட்டு விற்க முயன்றது. அது எளிதில் கைகூடவில்லை.

பணம் வராமலில்லை. 2023 இல் அனிமே சந்தையின் பெறுமதி ஏறத்தாழ 3.3 திரில்லியன் யென் ஆகும். அதில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு வெளிநாடுகளிலிருந்து கிடைத்தது. ஆனால் அது எவரைச் சேர்கிறது? வெளியீட்டகங்களும் தொலைக்காட்சி நிலையங்களும் விளையாட்டுப் பொருள் கம்பனிகளும் கூட்டாக அமைக்கும் தயாரிப்புக் குழுவே முதலிட்டு உரிமைகளை வைத்துக்கொள்கிறது. படத்தை வரையும் கலையகத்துக்குப் பெரும்பாலும் ஒரு நிலையான தொகையே உண்டு. படம் உலகெங்கும் ஓடினாலும் அத்தொகை கூடுவதில்லை. தெசூக்காவின் அன்றைய மலிவு விலையின் நிழல் இன்னும் நீங்கவில்லை எனக் கூறுவோர் உளர். வணிகமும் மனித உரிமைகளும் தொடர்பான ஐ.நா. செயற்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கையில், அனிமே கலைஞர்களின் குறைந்த ஊதியமும் நீண்ட வேலை நேரமும் சுட்டிக்காட்டப்பட்டன. இத்தொழிலில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் பலர், வரையும் சித்திரங்களின் எண்ணிக்கைக்கேற்பவே கூலி பெறுகின்றனர்.